குமரின் மௌனம்

நம் ஊர்களில் நிக்காஹ் நடைபெறும் நாளன்று, சபையில் குத்பா ஓதத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், வக்கீலாக அமர்த்தப்பட்டவரும் சாட்சிகள் இருவரும் மணப்பெண் இருக்கும் அறையின் வாயில்வரை செல்வார்கள். இன்னார் மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு, உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதந்தானா என்று வக்கீல் வினவுவார். உள்ளே பெண்கள் கூட்டம் நிறைந்திருக்கும். நகையும் பூவும் புதுப்பட்டுமாக, முகம் மறைய முந்தானை இழுத்துவிடப்பட்ட ஒரு பெண் நடுவில் அமர்ந்திருப்பாள். அவள் வாய் திறப்பதற்குள் அருகிலிருக்கும் மாமியோ சாச்சியோ, "சம்மதம், சம்மதம், தலையை ஆட்டிடுச்சு" என்று குரல் கொடுத்துவிடுவார்கள். வந்த மூவரும் திரும்பிவிடுவர். ஒரு ஃபாத்திஹா ஓதி முடிக்கும் நேரங்கூட இதற்கு ஆவதில்லை.

இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி தன் மனத்தைப் பெற்றோரிடம் முன்பே தெரிவித்துவிட்டு, அன்றைக்கு நாணத்தால் வாய்மூடி இருக்கிறாள் எனில், அதில் குறைகாண நாம் முன்வரவில்லை. அங்கே வினா ஒரு முறைமை. விடை எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது. நாம் எண்ணிப் பார்க்க விழைவது வேறொருத்தியை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பதினைந்து வயதுச் சிறுமி அவள். மாப்பிள்ளையின் பெயரை அவள் அறிந்தது பத்து நாட்களுக்கு முன்பாக இருக்கலாம். தன்னை எவரும் எதுவும் கேட்கவில்லை என்பதை மட்டும் நன்கறிந்தவள். அவளுடைய மௌனத்தின் பொருள் யாது?

"கன்னிப் பெண்ணின் மௌனமே அவளது சம்மதம், ஹதீஸே இருக்கிறதே" என்று உடனே விடை சொல்வோர் உளர். ஆம், இருக்கிறது. புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. ஆயினும் அந்த நபிமொழியின் வால் பகுதியைப் பிடித்துக்கொண்டு தலைப்பகுதியை விட்டுவிடுகிறோம். கன்னிப் பெண்ணிடம் அனுமதி பெறாமல் அவளை மணமுடித்துக் கொடுக்கலாகாது என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் அருளியது. அவள் வெட்கப்படுவாளே, அவளது அனுமதியை எவ்வாறு அறிவது என்று தோழர்கள் கேட்டபோதுதான் மௌனம் பற்றிய விளக்கம் பிறந்தது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்க என்பது அவளுக்கு அளிக்கப்பட்ட சலுகை. "இவரை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று பலர் முன்னிலையில் சொல்லக் கூசும் பெண்ணை அந்தச் சங்கடத்திலிருந்து விடுவிக்கும் கருணை அது. சம்மதிப்பதை எளிதாக்கவே அந்தச் சலுகை வந்தது. மறுப்பதை இயலாததாக்குவதற்கு அதனையே கருவியாக்குவது, கருணையைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

ஃபிக்ஹுக் கலையில் ஒரு விதியுண்டு. வாய் பேசாதவன்மீது எந்தச் சொல்லையும் ஏற்றிச் சொல்லலாகாது என்பது அதன் கருத்து. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பெயரோடு அது வழங்கி வருகிறது. பிற்காலத்தில் உதுமானியப் பேரரசு தொகுத்த மஜல்லா என்னும் சட்டநூலிலும் அது இடம்பெற்றது. அதையடுத்து ஒரு விலக்கும் கூறப்பட்டது: பேசியே ஆகவேண்டிய கட்டத்தில் பேசாதிருத்தல், பேசியதாகவே கொள்ளப்படும். கன்னிப் பெண்ணின் மௌனம் இந்த விலக்கில்தான் அடங்கும். விலக்கு எதன்மேல் நிற்கிறது? "பேசியிருக்கலாமே, பேசவில்லையே" என்பதன்மேல் நிற்கிறது. பேசியிருக்கவே முடியாத ஒருத்திக்கு அது எவ்வாறு பொருந்தும்? வெளியே பூட்டப்பட்ட அறைக்குள் நிற்பவனைப் பார்த்து, "இவன் வெளியேற விரும்பவில்லை" என்று எவரேனும் முடிவு செய்வாரா? மறுத்தால் அடி விழாது, உம்மா சாப்பிடாமல் படுத்துவிடமாட்டார், வாப்பா முகங்கொடுத்துப் பேசுவார் என்ற உறுதி எந்த வீட்டில் உண்டோ, அந்த வீட்டில்தான் மௌனத்திற்குச் சம்மதம் என்னும் பொருள் உண்டு. 'இல்லை' என்று சொல்ல வழியில்லாத வீட்டில் அது வெறும் ஓசையின்மை.

முன்னோராகிய சட்ட மேதைகள் இதனை அறியாதவர்களல்லர். மௌனத்தை அவர்கள் எத்துணை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள் என்பதை ஓதிப் பார்த்தால் வியப்பே மேலிடும். பெண் சிரித்தால் அது சம்மதம். ஏளனமாகச் சிரித்தால் அன்று. அழுதால் என்ன? ஹனஃபீ நூல்களில் கண்ணீரின் சூட்டைக்கூடப் பேசியிருக்கிறார்கள். குளிர்ந்த கண்ணீர் மகிழ்ச்சியின் அடையாளம், சுடுகண்ணீர் துயரத்தின் அடையாளம் என்று பிரித்தவர்கள் உளர். ஷாஃபிஈ நூல்களிலோ ஓசையின்றி அழுவதையும், அலறி முகத்தில் அறைந்துகொண்டு அழுவதையும் வேறுபடுத்தினர். மதரஸாவில் இந்தப் பாடம் நடக்கும்போது மாணவர்கள் சிரிப்பதுண்டு. கண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்வது யார் என்று கேட்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்தப் பாடத்தின் உட்கிடை சிரிப்புக்குரியதன்று. அவளது கண்ணீர் எத்தகையது என்பதை அறியக் கடமைப்பட்டவர் ஒருவர் உண்டு என்று அந்த மேதைகள் கருதினார்கள். நாமோ கண்ணீரைக் கண்டால், "கல்யாணப் பெண் அழத்தான் செய்யும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படுவது ஷாஃபிஈ மத்ஹபு. அதில் தந்தைக்கும் பாட்டனாருக்கும் கன்னிப் பெண்ணின் விஷயத்தில் மிகுந்த அதிகாரம் உண்டு. அவளைக் கேளாமலும் முடித்துக் கொடுக்கலாம் என்ற கருத்து அந்நூல்களில் இருப்பது உண்மை. அதனை மறைத்துப் பேசுவது எமக்கு அழகன்று. ஆயின் அதே நூல்கள் அவ்வதிகாரத்திற்கு வேலி கட்டியிருப்பதையும் சொல்லவேண்டும். தந்தைக்கும் மகளுக்குமிடையே வெளிப்படையான பகை இருத்தல் கூடாது. மாப்பிள்ளை அவளுக்குப் பொருத்தமானவராக இருத்தல் வேண்டும். மஹரைக் கொடுக்க வசதியற்றவராக இருத்தல் கூடாது. முதுகிழவரைப் போல, உடன் வாழ்வதால் அவள் அல்லற்படக்கூடிய ஒருவராக இருத்தலும் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அவள் பருவமடைந்து அவளது அனுமதியைக் கேட்கும்வரை தந்தை காத்திருத்தலே விரும்பத்தக்கது என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) கூறியதாக இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். அவள் வெறுக்கும் நிலையில் கணவனிடம் சிறைப்படுத்திவிடக் கூடாதென்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். சிறை என்ற அந்த உவமையை எழுதியவர்கள் பெண்ணுரிமை பேசும் இக்காலத்தவர் அல்லர். அந்த மத்ஹபின் தூண்கள்.

மதீனாவில் நடந்த இரு நிகழ்ச்சிகள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவர்தம் தந்தை அவர் விரும்பாத ஒருவருக்கு மணமுடித்தார். அவர் பெருமானாரிடம் முறையிட, அத்திருமணம் செல்லாதென்று தள்ளப்பட்டது. கன்ஸா ஏற்கெனவே மணமானவர் என்பதால் கன்னியருக்கு இது பொருந்தாது என்பார்கள். அது நியாயமான குறுக்கீடுதான். எனவே இரண்டாவது நிகழ்ச்சியைப் பார்ப்போம். இளம்பெண்ணொருத்தி வந்து, தன் தந்தை தம்முடைய மதிப்பை உயர்த்திக்கொள்வதற்காகத் தன்னை அவருடைய சகோதரர் மகனுக்குக் கட்டிவைத்தார் என்று முறையிட்டாள். அண்ணலார் (ஸல்) அவர்கள் தந்தையை அழைத்துவரச் செய்து, முடிவை அவள் கையில் ஒப்படைத்தார்கள். அவளோ, தந்தை செய்ததைத் தான் ஏற்றுக்கொண்டுவிட்டதாகவும், இவ்விஷயத்தில் தந்தையருக்கு அதிகாரமில்லை என்பதைப் பெண்கள் அறியவேண்டும் என்பதற்காகவே வந்ததாகவும் சொன்னாள். நஸாஈ, இப்னு மாஜா நூல்களில் இது காணப்படுகிறது. அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலையினர் விவாதித்திருக்கின்றனர் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவள் மாப்பிள்ளையை வெறுக்கவில்லை என்பது நம் கவனத்திற்குரியது. கேட்கப்படவில்லை என்பதே அவளது துயரம்.

இனி அச்சிறுமியின் உள்ளத்துக்குள் சற்று நுழைவோம். கேட்கப்படாத சொல் எங்கே போகிறது? ஆவியாகி மறைந்துவிடுவதில்லை, உடம்புக்குள் இறங்குகிறது. தலைவலி, வயிற்றுவலி, சோறு இறங்காமை, இரவில் விழித்தபடி கிடத்தல், பேச்சுக் குறைதல், திடீரென மயங்கி விழுதல், கைகால் வெட்டி இழுத்தல் என்று அது வெளிப்படுகிறது. வீட்டார் கண்ணேறு என்பர்; சிலர் ஜின் பிடித்துவிட்டது என்பர். மனநல மருத்துவர்களோ, வாயால் சொல்ல வழியில்லாத துயரம் உடம்பின் மொழியில் பேசுகிறது என்கின்றனர். இது அவர்கள் மட்டுமே கண்டறிந்த புதுமையன்று. கி.பி. 934-ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒருங்கே ஆராய்ந்து ஒரு நூல் யாத்தார். அச்சம், கோபம், துக்கம், வீண் எண்ணங்கள் எனும் உள்ளத்து நோய்களை அதில் அவர் வகுத்துரைத்தார். துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார்: காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணம் தெரியாத துக்கம் மற்றொன்று. பின்னதற்கு உடலின் கோளாறும் காரணமாகலாம், அதற்கேற்ற மருத்துவம் வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் அறிஞர் ஒருவர் சென்ற தூரம் அது. நம் வீடுகளில் காண்பது பெரும்பாலும் முதல் வகை. காரணம் தெரிந்ததே, தெரியாததுபோல நடந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

மாலை நேரத்தில் சிறார்க்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பது எமது தொழில். பல ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் ஓதிய ஒரு சிறுமி, எழுத்து பிசகாமல் யாஸீன் ஓதுவாள். பத்தாம் வகுப்பில் இருந்தாள். தந்தை வளைகுடாவில் சபர் இருந்தவர். அவர் விடுப்பில் வரும் நாற்பத்தைந்து நாட்களுக்குள் குமர் காரியத்தை முடித்துவிடுவதென்று நிச்சயமாயிற்று. அது முதல் அவளுக்கு ஓயாத தலைவலி. இருமுறை மயங்கி விழுந்தாள். "ஆலிம்சா, புள்ளைக்கு ஓதிப் பார்த்துத் தண்ணி ஊதித் தாங்க" என்று தாயார் அழைத்து வந்தார். ஃபாத்திஹாவும் இறுதி மூன்று சூராக்களும் ஓதினோம். பின்னர் தாயாரின் தாயாரைத் தனியே அழைத்து, "இன்றிரவு இவளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, கோபமில்லாமல் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்றோம். மறுநாள் அம்மூதாட்டி வந்தார். "மாப்பிள்ளை மேல குறை ஒண்ணும் இல்லையாம் ஆலிம்சா. பரிட்சை எழுதிக்கிறேன் உம்மம்மான்னு அழுதுச்சு. வாப்பா காசு செலவழிச்சு வர்றாங்களே, எப்படிச் சொல்றதுன்னு பயந்து கிடந்திருக்கு." அவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்ல அக்குழந்தைக்கு இருமுறை மயங்கி விழ வேண்டியிருந்தது. திருமணம் தந்தையின் அடுத்த விடுப்புக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் மனத்தாங்கல் கொண்டனர். பேச்சு முறியும் நிலைவரை சென்று மீண்டது. தலைவலி உடனே நின்றதா என்றால், இல்லை. பல மாதங்கள் ஆயின.

ஓதிப் பார்ப்பதை நாம் இழித்துரைக்கவில்லை. அது எமது கையாலேயே நடப்பது. ஆனால் நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று பணித்த மார்க்கத்தில், தாயத்தோடு நின்றுவிடுவது நிறைவான வழியாகாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். அதன் பிறகும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோரை என்னென்பது? மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. வீட்டிலிருந்தே 14416 என்ற தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசலாம். குழந்தைகளுக்கான 1098 எல்லோருக்கும் தெரிந்ததே. இலங்கையிலுள்ள வாசகர்களுக்கு 1926.

இத்துயரம் சில வேளைகளில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை எழுதக் கை தயங்குகிறது, எனினும் எழுதவேண்டும். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நிகழ்ந்த இளையோர் மரணங்களை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டனர். 10 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் இலட்சத்துக்கு 148 பேர் வீதம் ஆண்டுதோறும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருந்தனர்; ஆண் பிள்ளைகளில் அது 58. இந்தக் கணக்கு எல்லாச் சமயத்தாரையும் உள்ளடக்கியது. எல்லாம் திருமணத்தால் வந்தவை என்றும் நாம் சொல்லவில்லை. அந்த வயதுப் பெண்ணின் மௌனத்துக்குள் எத்தகைய எண்ணம் குடியிருக்கக்கூடும் என்பதை உணர்த்த இந்த ஒரு கணக்குப் போதும். தற்கொலை ஹராம் என்பதை அவளுக்கு நாமே கற்பித்திருக்கிறோம். அந்த எண்ணம்வரை ஒரு குழந்தையைத் தள்ளுவது எத்தகையது என்பதை அவளது பெற்றோருக்குக் கற்பித்திருக்கிறோமா?

பெற்றோரைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது எமது நோக்கமன்று. மகளை இளவயதில் கட்டிக் கொடுக்கும் தந்தையருள் பெரும்பாலோர் அச்சத்தால் செய்கின்றனர், அன்பின்மையால் அன்று. மூன்று குமர்களை வைத்திருப்பவர், மூத்தவளுக்கு வயது ஏற ஏறக் கைக்கூலியும் ஏறுகிறது என்று அஞ்சுகிறார். இருதய நோயுள்ளவர், கண்மூடுமுன் ஒருத்தியையாவது கரை சேர்த்துவிட எண்ணுகிறார். உயர்நிலைப்பள்ளி நான்கு மைல் தொலைவில், பேருந்தில் கூட்டம், கைபேசி வேறு வந்துவிட்டது. யாருடனாவது பழகிவிட்டால் குடும்ப மானம் என்னாவது என்று தாய் உறங்காதிருக்கிறார். இந்த அச்சங்கள் பொய்யல்ல. ஆயினும் எல்லாமே பெற்றோரின் அச்சங்கள். அவற்றுக்கான விலையைச் செலுத்துபவளோ மகள். தம்முடைய அச்சத்தைத் தணித்துக்கொள்வதற்கு மற்றோர் உயிரின் வாழ்நாளைச் செலவிடலாமா என்பதே இங்குள்ள அறவினா. வலீ என்பவர் உரிமையாளர் அல்லர், பொறுப்பாளர். பொறுப்பில் உள்ளவரின் நலனுக்காக மட்டுமே பொறுப்பாளரின் அதிகாரம் இயங்கும் என்பது ஷரீஅத்தின் அடிப்படை. கைக்கூலி ஏறிவிடும் என்பதற்காகச் செய்யப்படும் அவசரத்தில் நலன் யாருடையது? மேலும், கைக்கூலியே ஹராமானது என்று மிம்பரில் முழங்கிவிட்டு, அது ஏறுமுன் முடித்துவிடுவோம் என்று கணக்குப் போடுவதும் விந்தையே.

"முற்காலத்தில் சிறுவயதில் மணம் நடக்கவில்லையா?" என்ற வினாவை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நடந்தன, அரபகத்தில் மட்டுமா, இந்நாட்டிலும் எல்லாச் சமூகத்தாரிடையேயும் நடந்தன. ஆனால் அனுமதிக்கப்பட்டது வேறு, கட்டளையிடப்பட்டது வேறு. முபாஹை வாஜிபாக்குவது மார்க்கக் கல்வியின் முதற்பாடத்தையே மறப்பதாகும். பெருமானாரின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களை அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இருபெரும் தோழர்கள் பெண் கேட்டபோது, அவர் சிறியவர் என்று சொல்லி மறுத்தார்கள். பின்னர் அலீ (ரலி) கேட்டபோது மணமுடித்து வைத்தார்கள். இதனைப் பதிவு செய்த இமாம் நஸாஈ, வயதில் ஒத்தவருக்குப் பெண்ணை மணமுடித்தல் என்ற தலைப்பின்கீழ் இதை வைத்திருப்பது கருதத்தக்கது. பருவமடையாதோரை மணமுடிக்க எவருக்கும் அதிகாரமில்லை என்று இப்னு ஷுப்ருமா போன்றோர் கூறினர். சிறுபான்மைக் கருத்தாக இருந்த அதனைத் தழுவியே உதுமானியப் பேரரசின் 1917-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் அமைந்தது.

யாம் மிகவும் பற்றிக்கொள்வது திருமறையின் நான்காம் அத்தியாயத்து ஆறாம் வசனத்தை. அனாதைகளின் சொத்தைப் பற்றியது அது. மண வயதை அடைவதோடு நிறுத்தாமல், அவர்களிடம் 'ருஷ்து' என்னும் பகுத்தறியும் பக்குவத்தையும் கண்டறிந்த பின்னரே சொத்தை அவர்கள் கையில் ஒப்படைக்குமாறு அது பணிக்கிறது. அதற்குமுன் அவர்களைச் சோதித்துவரவும் சொல்கிறது. பருவமடைதல் ஒன்று, பக்குவமடைதல் வேறொன்று என்ற பிரிவினையை இதைவிடத் தெளிவாக எவ்வாறு கூறுவது? மனித மூளையில் முன்யோசனைக்கும் நிதானத்துக்கும் உரிய பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டேயிருக்கிறது என்கிறது இன்றைய அறிவியல். நம் நடைமுறையைப் பாருங்கள். பதினைந்து வயது மகளிடம் கடைச் சாவியைக் கொடுக்கமாட்டோம். அரைக் காணி நிலத்தின் பத்திரத்தைக் கொடுக்கமாட்டோம். ஒரு குடும்பத்தை, ஒரு கணவனின் சினத்தையும் ஆசையையும், ஒரு மாமியாரின் சமையலறையை, அடுத்த ஆண்டே ஒரு குழந்தையை அவள் கையில் கொடுத்துவிடுவோம். சொத்துக்குத் தேவைப்படும் பக்குவம் வாழ்க்கைக்குத் தேவையில்லையோ?

சட்டத்தைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. 1929-ன் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்று வைத்தது. 1978-ல் 18 ஆயிற்று. 2006-ன் தடைச் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. நமக்குள்ளேயே பலர் அறியாத ஒன்றுண்டு. 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்படி, பதினைந்து வயதுக்கு முன் தந்தையாலோ பிற காப்பாளராலோ மணமுடிக்கப்பட்ட பெண், இல்லறம் தொடங்காதிருப்பின், பதினெட்டு வயதுக்குள் அத்திருமணத்தை மறுத்துவிட்டு, அதனையே காரணமாகக் காட்டி நீதிமன்றத்தில் முறிவு பெறலாம். 'கியாருல் புலூக்' என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும் உரிமையிலிருந்து பிறந்ததே அது.

இலங்கையின் நிலை வேறு. அங்கே 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதனையும் விதிக்காமல் இயற்றப்பட்டது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவளாயின் காழியின் அனுமதி வேண்டும் என்று மட்டுமே கூறிற்று. பதிவேட்டில் மணமகனும் வலீயும் கையொப்பமிடலாயினர். மணமகள் கையொப்பமிட இடம் ஒதுக்கப்படவில்லை. 2009-ல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018-ல் அறிக்கை அளித்தபோது, குழுவினர் இரு கருத்தினராய்ப் பிரிந்து நின்றனர். வயதைப் பற்றி வாதம் இருக்கலாம். கையொப்பத்தைப் பற்றி என்ன வாதம் இருக்க இயலும் என்பது எமக்கு விளங்கவில்லை. ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடமிருந்து மார்க்கத்தைக் கற்ற சமுதாயம், தன் பெண்ணின் பெயரைத் தன் கையால் எழுத ஓரங்குல இடம் ஒதுக்கத் தயங்குவதா?

தமிழகம் இவ்விஷயத்தில் முன்னேறியிருக்கிறது என்பது உண்மை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் மணமானோர் இந்தியா முழுவதிலும் 23.3 விழுக்காடு, தமிழகத்தில் 12.8. பள்ளியில் இருக்கும் பெண் திருமண மேடைக்கு எளிதில் வருவதில்லை என்பதே இதன் முதற்காரணம். ஆயினும் எட்டுப் பேரில் ஒருத்தி என்பது சிறிய எண்ணன்று.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கரையோர ஊர்களிலும், இலங்கையின் கிழக்குப் பகுதியிலும் பெண் தாய்வீட்டிலேயே தங்க, மாப்பிள்ளை அங்கு வந்து வாழும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இளம் மனைவிக்கு இது எத்துணைப் பெரிய அரண் என்பதைப் புகுந்த வீட்டுக்குச் சென்ற பெண்களே சொல்லவேண்டும். காய்ச்சல் வந்தால் உம்மாவின் மடி இருக்கிறது. கணவன் கடிந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டைக் கட்டிக் கொடுக்கத் தந்தை சபரிலேயே முதுமை எய்துகிறார் என்பதும், கேட்கப்படாத துயரம் தாய்வீட்டிலும் கேட்கப்படாததே என்பதும் உண்மை.

மௌனத்துக்குள் என்னென்ன புதைந்து கிடக்கலாம் என்பதற்கு நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் சான்று. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன அப்பெண்மணி, 1938-ல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார், தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். அவர் எழுதுகோலைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க வாய்ப்பில்லாமல் போன அவரது வயதொத்த பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

அவ்வாறாயின் சம்மதத்தைக் கேட்பது எப்படி, எப்போது? நிக்காஹ் நாளன்று கதவோரம் நின்று கேட்பதற்கு முன்பே, பேச்சு எழும் முதல் நாளில் கேட்கவேண்டும். பந்தல் போட்டபின் எவளால் மறுக்க முடியும்? அவள் அஞ்சாத ஒருவர், பாட்டியாரோ மணமான மூத்த சகோதரியோ பள்ளி ஆசிரியையோ, தனிமையில் கேட்கவேண்டும். ஒருமுறை கேட்டு நிறுத்தாமல், சில நாள் இடைவிட்டு மீண்டும் கேட்கவேண்டும். இங்கே பரீரா (ரலி) அவர்களின் வரலாறு நமக்கு வழிகாட்டுகிறது. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற அவருக்குத் தம் கணவரோடு வாழ்வதா, பிரிவதா என்ற உரிமை கிடைத்தது. கணவர் முகீஸ் மதீனாவின் தெருக்களில் தாடி நனைய அழுதுகொண்டு அவர் பின்னே சுற்றினார். அண்ணலார் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். இல்லை, பரிந்துரைதான் என்று அண்ணலார் பதிலளிக்க, அப்படியாயின் எனக்கு அவர் தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அல்லாஹ்வின் தூதருடைய பரிந்துரையையே மறுக்க ஒரு பெண்ணுக்கு இடமிருந்தது. அதற்காக அவர்மீது எவரும் சினங்கொள்ளவில்லை.

மகள் 'வேண்டாம்' என்றோ 'இப்போது வேண்டாம்' என்றோ சொல்லிவிட்டால், அதனை மாப்பிள்ளை வீட்டாரிடம் யார் சொல்வது என்ற அச்சத்தாலேயே பல தந்தையர் கேட்காமல் இருந்துவிடுகின்றனர். அந்தச் சுமையை ஜமாஅத் பெரியவர்கள் ஏற்கலாம். பேச்சு முறிந்தால் பெண்வீட்டாரை எவரும் இழிவாகப் பேசாதவாறு, இரு வீட்டாரையும் பள்ளிவாசலுக்கு அழைத்து முடித்து வைக்கலாம். ஆண்டுக்கு ஓரிரு குடும்பங்களுக்கு இதைச் செய்துவிட்டால் மற்றவர்களுக்கு அச்சம் தெளியும். நிக்காஹ் செய்து வைக்கும் இமாம்களும் பதிவேட்டைத் திறக்குமுன் பள்ளிச் சான்றிதழை வாங்கி வயதைப் பார்க்கட்டும். வக்கீலாகச் செல்பவர், அருகிலிருக்கும் பெண்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, தாயாரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, பெண்ணே தன் வாயால் பேசும்வரை வாயிலில் காத்திருக்கட்டும். சபை கால்மணி நேரம் தாமதித்தால் பிரியாணி ஆறிவிடும் என்று சிலர் முணுமுணுப்பார்கள்.